‘ஆண்டர்சன்வில்’ 1879 டொலிடோ முதற்பதிப்பு: கேட்கும் விலைக்குத் தகுமா?

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய பழைய புத்தகங்களைத் தேடுபவர்கள் கண்ணில் ஜான் மெக்எல்ராயின் சிறை நினைவு நூலான ‘ஆண்டர்சன்வில்’ படாமல் போகாது. ‘அரிய பதிப்பு’, ‘ஆன்டிக்’, ‘சேகரிப்பாளர்களுக்கு மட்டும்’ என்று ஏதாவது ஒரு பட்டம் கூடவே வரும். அந்தப் பட்டத்துக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். 1879 பதிப்பு ஏராளமாக விற்ற புத்தகம். அமெரிக்கப் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் வந்துகொண்டே இருக்கிறது. அட்டை குலையாமல், தாள் நொறுங்காமல், பக்கம் குறையாமல் இருக்கும் பிரதிதான் அரிது. விலையையும் அதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

மெக்எல்ராய் வட தரப்பின் 16ஆவது இல்லினாய் குதிரைப்படையில் சாதாரண சிப்பாய். 1846இல் பிறந்தவர். 1864 ஜனவரி தொடக்கத்தில் வர்ஜீனியாவின் ஜோன்ஸ்வில் அருகே பிடிபட்டபோது இருபது வயதுகூட ஆகவில்லை. ரிச்மண்டில் தொடங்கி, ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில், சவானா, மில்லன், பிளாக்‌ஷியர், கடைசியாகத் தென் கரோலினாவின் ஃபிளாரன்ஸ் என்று தென்னவர்களின், அதாவது பிரிந்துபோன தென் மாநிலங்களின், சிறைகளில் பதினைந்து மாதம் கழித்தார். நூலின் நீளமான துணைத்தலைப்பே இந்தப் பட்டியலைச் சொல்லிவிடுகிறது. போர் முடிந்து பத்திரிகைக்காரராகி, ஒஹையோ மாநிலத்தின் ‘டொலிடோ பிளேட்’ இதழில் இந்த அனுபவங்களைக் கட்டுரைகளாக எழுதினார். உயிர் பிழைத்த மற்ற கைதிகளிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. கட்டுரைகள் வளர்ந்து 654 பக்கப் புத்தகமாயின. வெளியிட்டவர் அதே இதழை நடத்திய டேவிட் ராஸ் லாக். ‘பெட்ரோலியம் வி. நாஸ்பி’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய நையாண்டிக் கடிதங்களை ஆபிரகாம் லிங்கன் விரும்பிப் படித்தது தெரிந்த செய்தி.

முதற்பதிப்பை அடையாளம் காண்பது கடினமல்ல. தலைப்புப் பக்கத்தின் அடியில் டொலிடோ, டி. ஆர். லாக், 1879 என்று மூன்றும் இருக்க வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி நோவா ஸ்வேனுக்கு நூல் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. ராபர்ட் மெக்கூன் எழுதிய அறிமுகமும் ஆசிரியரின் முன்னுரையும் தொடர்கின்றன. முன்னுரையின் கீழே உள்ள தேதியைப் பாருங்கள்: 1879 டிசம்பர் 10. ஆண்டு முடிய மூன்று வாரமே இருந்த நேரம் அது. ஆகவே முதற்பதிப்பில் பழைய உரிமையாளர் ‘1880 கிறிஸ்துமஸ் பரிசு’ என்றோ ‘1881 மார்ச்’ என்றோ எழுதியிருந்தால் அது இயல்பானது. ‘1879 ஜூன்’ என்று மையில் எழுதியிருந்தால் யாரோ விலை ஏற்றப் பார்த்திருக்கிறார்கள்.

முன்னுரையில் இன்னொரு தடயமும் உண்டு. மெக்எல்ராய் ஆங்கில எழுத்துக்கூட்டல் சீர்திருத்தத்தில் தீவிரமாக இருந்தவர். வெப்ஸ்டர் அகராதி அனுமதிக்கும் கடைசி எல்லைவரை எழுத்துக்கூட்டலை எளிமையாக்கியிருப்பதாக அவரே அறிவிக்கிறார். படிக்கும்போது சில சொற்களின் எழுத்துகள் விசித்திரமாகத் தெரிந்தால் அச்சுப்பிழை என்று எண்ணிவிட வேண்டாம். அதை வைத்துப் ‘பிழைப் பதிப்பு, கூடுதல் விலை’ என்று ஒருவர் கேட்டால் சிரித்துவிட்டு நகரலாம்.

பிற்காலப் பதிப்புகளோடு குழப்பிக்கொள்ளவும் இடமிருக்கிறது. மெக்எல்ராய் 1880களில் வாஷிங்டனுக்குப் போய், முன்னாள் வடபடை வீரர்களின் வார இதழான ‘நேஷனல் ட்ரிப்யூ’னில் சேர்ந்தார். அந்த அலுவலகமே 1899இல் இந்நூலை மறுபடி வெளியிட்டது. அதுவும் நூறு வயது தாண்டிய பழைய புத்தகம்தான், ஆனால் முதற்பதிப்பு அல்ல. 1957இல் ‘திஸ் வாஸ் ஆண்டர்சன்வில்’ என்ற தலைப்பில் ராய் மெரிடித் தொகுத்த பெரிய அளவுப் பதிப்பு சுருக்கப்பட்டது, படங்களும் புதியவை. அலமாரியில் பார்க்க அழகாக இருக்கும். முழு நூல் வேண்டுமென்றால் அது உதவாது.

இனி சரக்கின் நிலை. இந்தப் புத்தகத்தின் பெரிய எதிரி அதன் எடை. 654 பக்கத் தாள்கட்டை மெல்லிய காலிகோ பருத்தித் துணியும் ஒட்டுத்தாளும் தாங்கி நிற்கின்றன. நிமிர்த்தி வைத்த புத்தகத்தில் தாள்கட்டு ஆண்டுக்கணக்கில் கீழ்நோக்கி இழுக்க, அட்டையும் தாளும் சேரும் மடிப்பு உள்ளே வெடிக்கும். முன்னட்டையைத் திறந்து அந்த மடிப்பைப் பாருங்கள். மேல்தாள் மட்டும் கீறியிருந்தால் பரவாயில்லை. அடியில் வலைத்துணியோ தையல் நூலோ தெரிந்தால், நாலு முறை படிப்பதற்குள் அட்டை தனியாகக் கையில் வந்துவிடும். முதுகின் தலைப்பகுதி அடுத்த பலவீனம். அலமாரியிலிருந்து எடுப்பவர்கள் விரலை அங்கேதான் மாட்டி இழுப்பார்கள். நூற்று நாற்பது ஆண்டு இழுபட்ட துணி அந்த இடத்தில் அரைச் சென்டிமீட்டர் கிழியாமல் இருந்தால் நல்ல பிரதி என்று சொல்லலாம்.

அந்தக் காலத்தில் இத்தகைய போர் நினைவு நூல்கள் துணி, ஆட்டுத்தோல், பாதித் தோல் என்று வெவ்வேறு பைண்டிங்கில் வெவ்வேறு விலைக்கு விற்பது வழக்கம். தோல் உயர்ந்தது என்ற எண்ணத்தில் தோல் பிரதிக்கு அதிகம் கொடுப்பவர்கள் ஏமாறுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதித் தோல் பதனிட்ட முறையாலும் காற்றிலிருந்த கந்தகப் புகையாலும் செம்பொடியாக உதிர்கிறது. தொட்டால் விரலில் செங்கல் நிறத் தூள் ஒட்டும். அதற்குத் தோல் எண்ணெய், மெழுகு எதையும் பூசக் கூடாது. நிறம் கறுத்துப் பிசுக்குப் பிடிப்பதோடு சரி. ஆல்கஹாலில் கரைத்த ஹைட்ராக்ஸிபுரோப்பைல் செல்லுலோஸைத் தூரிகையால் மெல்லப் பூசினால் தூள் உதிர்வது நிற்கும். போன வலு திரும்பாது. ஒரே விலையில் துணி, தோல் இரண்டும் கிடைத்தால் துணியை எடுங்கள்.

தாளைப் பற்றி ஒரு குறிப்பு. 1870களுக்குள் அமெரிக்க அச்சகங்களில் கந்தைத் தாளின் இடத்தை மரக்கூழ்த் தாள் பிடிக்கத் தொடங்கிவிட்டது. மை ஊறாமலிருக்கப் படிகாரமும் ரோசினும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, தாளின் நாரை உள்ளிருந்தே அறுக்கிறது. ஓரம் முதலில் பழுக்கும், பிறகு மூலைகள் ஒடியும். விற்பவரிடம் நடுப்பக்கம் ஒன்றை லேசாக வளைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தாள் வளைந்து திரும்பினால் நல்லது. மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் அந்தப் பிரதி இனி படிக்க ஆகாது. மூலையை மடித்து ஒடிகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை யாருடைய புத்தகத்திலும் செய்ய வேண்டாம். பழுப்புப் புள்ளிகள் வேறு விவகாரம். அவை கண்ணுக்கு உறுத்தினாலும் தாளின் வலுவைப் பெரிதாகக் குறைப்பதில்லை. முதல் சில தாள்களில் மட்டும் புள்ளி இருந்தால் விலையில் சிறிது தள்ளுபடி கேட்டுக்கொண்டு வாங்கலாம். பூஞ்சை நாற்றம் அடித்தால் வாங்கக் கூடாது; அது பக்கத்துப் புத்தகத்துக்கும் பரவும்.

பக்கம் எண்ணுவது அலுப்பான வேலை, ஆனால் தப்பிக்க முடியாது. முன்னால் ரோமன் எண் பக்கங்கள், முடிவில் 654. பெரும்பாலான மரச்செதுக்குப் படங்கள் எழுத்தோடு சேர்ந்தே அச்சானவை என்பதால், எண் தொடர்ச்சி சரியாக இருந்தால் படங்களும் இருக்கும். முகப்புப் படத்தைத் தனியாகப் பாருங்கள். சட்டம் போட்டு விற்பதற்காக முதலில் கத்தரிக்கப்படுவது அதுதான். தையல் தளர்ந்த பிரதியில் நடுவே ஒரு முழு ஃபாரமே (சேர்த்து மடித்துத் தைத்த பக்கங்களின் கட்டு) கழன்று போயிருக்கும், விற்பவருக்கே தெரியாது. இருபத்தைந்து பக்கத்துக்கு ஒரு பக்கமாக எண்ணைச் சரிபார்த்தாலே இத்தகைய பெரிய இழப்பு பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

இன்னொரு வகை ஏமாற்றமும் உண்டு. வீடுவீடாகச் சென்று முன்பதிவு திரட்டிய முகவர்கள் அக்காலத்தில் கையில் வைத்திருந்த மாதிரிப் புத்தகங்கள் சில நேரம் முழு நூலாக விற்பனைக்கு வருகின்றன. அட்டை அசலாக இருக்கும். உள்ளே தொடர்ச்சியில்லாத மாதிரிப் பக்கங்கள், அட்டையின் உட்புறம் ஒட்டிய முதுகு மாதிரிகள், கடைசியில் பெயர் எழுதக் கோடு போட்ட தாள்கள் இருக்கும். மாதிரிப் புத்தகங்களையே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பொக்கிஷம். நூலைப் படிக்க வாங்குபவர் கதி அதோகதி.

இணையத்தில் இப்போது அதிகம் நடக்கும் மோசடிக்கு வருவோம். இந்நூல் காப்புரிமை தீர்ந்தது; புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இணைய நூலகத்தில் முழுதும் இலவசமாகக் கிடைக்கிறது. நூலகப் பிரதியை ஸ்கேன் செய்து, கேட்கும்போது அச்சடித்துத் தரும் பி.ஓ.டி. பிரதிகள் பல நிறுவனங்களின் பெயரில் உலவுகின்றன. விளம்பரத்தில் 1879 தலைப்புப் பக்கத்தின் படத்தைப் போடுவார்கள். பக்கமே அசலானது, ஸ்கேன்தான் நேற்றையது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை மரச்செதுக்குப் படத்தின் மேல் வையுங்கள். அசலில் கோடுகள் கருமையாக, ஓரம் கூராக, தாளில் லேசாகப் பதிந்து நிற்கும். பி.ஓ.டி.யில் கோடு சாம்பல் நிறப் புள்ளிகளாகச் சிதறும். எழுத்தின் மெல்லிய வளைவுகள் உடைந்திருக்கும். ஏதோ ஒரு நூலகத்தின் முத்திரையும், யாரோ பென்சிலில் போட்ட அடிக்கோடும் பக்கத்தோடு சேர்ந்தே அச்சாகியிருக்கும். முதுகின் தலைப்பகுதியைப் பார்த்தால் தைத்த ஃபாரங்களின் வளைவுகளுக்குப் பதில் நேராக வெட்டி ஒட்டிய பசை தெரியும். பின்னட்டையில் பார்கோடு இருந்தால் இவ்வளவு ஆராய்ச்சியும் வேண்டாம்.

விற்பனையாளர்களின் அளவுகோலையும் பழகிக்கொள்ள வேண்டும். ‘வெரி குட்’ என்றால் நம் ஊர்க் கணக்கில் சுமார். ‘குட்’ என்றால் கிழிசல் உண்டு. ‘ரீடிங் காப்பி’ என்றால் அட்டையும் புத்தகமும் விவாகரத்து ஆகிவிட்டன. ‘எக்ஸ் லைப்ரரி’ (நூலகம் கழித்த பிரதி) என்று இருந்தால் முத்திரை, துளையிட்ட எழுத்து, கார்டு பை எல்லாம் இருக்கும். விலை பாதிக்கு இறங்குவது முறை. முதுகை மாற்றிப் புதிதாகப் பைண்டு செய்திருந்தால் அதை விற்பவர் சொல்லியாக வேண்டும். பழைய முதுகுத் துணியைப் புதிய முதுகின் மேல் ஒட்டிச் செய்த பழுது ஏற்கத்தக்கது. நூலகங்கள் பயன்படுத்தும் பக்ரம் என்ற முரட்டுத் துணியில் முழுதாக மறுபைண்டு செய்த பிரதி படிக்க உறுதியானது, சேகரிப்பில் மதிப்பில்லாதது. சாதாரணப் பிரதிகள் இரண்டு அல்லது மூன்று இலக்க டாலரில் கிடைப்பவை. நான்கு இலக்கம் கேட்டால் காரணம் கேளுங்கள்.

அந்தக் காரணம் பெரும்பாலும் கையெழுத்தாக இருக்கும். ஆசிரியர் கையொப்பமிட்ட பிரதியும், சிறையிலிருந்த ஒருவரின் சொந்தப் பிரதியும் உண்மையாகவே தனி மதிப்புள்ளவை. இரண்டாவது வகையைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை நடத்தும் உள்நாட்டுப் போர் வீரர் தரவுத்தளத்தில் ஆண்டர்சன்வில் கைதிகளின் பதிவுகளையும் தேடலாம். உட்பக்கத்தில் எழுதிய பெயர், ரெஜிமெண்ட் (படைப்பிரிவு), கம்பெனி (அதன் உட்பிரிவு) மூன்றும் அங்கே பொருந்த வேண்டும். பெயர் மட்டும் பொருந்துவது போதாது. ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள். மையையும் பாருங்கள். அக்கால இரும்பு மை வயதாகும்போது பழுப்பாகி, எழுத்தைச் சுற்றி மெல்லிய நிழல் விடும். பந்துமுனைப் பேனா 1940களில்தான் கடைக்கு வந்தது; 1929இல் இறந்த மெக்எல்ராய் அதில் கையெழுத்திட்டிருக்க வழியில்லை. இதையும் விற்கத் துணிகிறவர்கள் இருக்கிறார்கள்.

புத்தகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்க்காமல் அட்டையை மட்டும் எடைபோட முடியாது. ஆண்டர்சன்வில் சிறை 1864 பிப்ரவரியில் திறந்தது. முதலில் 16.5 ஏக்கர், ஜூனில் 26.5 ஏக்கராக விரித்தார்கள். ஆகஸ்டில் 32,000க்கும் அதிகமானவர்கள் கூரையில்லாமல் அதற்குள் கிடந்தார்கள். பதினான்கு மாதத்தில் வந்த சுமார் 45,000 பேரில் 13,000 பேருக்குக் கிட்ட மாண்டார்கள். போரின் நடுவில் கைதிப் பரிமாற்றம் முறிந்ததுதான் இந்தக் கூட்டத்துக்கு வேர். பிடிபட்ட கறுப்பினப் படைவீரர்களைக் கைதிகளாக நடத்தத் தென்னவர்கள் மறுத்தது அந்த முறிவின் பெருங்காரணம்.

மெக்எல்ராயின் பலம் அன்றாடப் பிழைப்பு. உமி சலிக்காத சோளமாவு குடலை என்ன செய்தது, போர்வையையும் குச்சிகளையும் வைத்து நிழல் கட்டியது எப்படி, தாண்டினால் சுடப்படும் ‘டெட்லைன்’ வேலி எங்கே ஓடியது, ஒரே ஓடை குடிநீராகவும் கழிவாகவும் ஆனது எப்படி என்பதையெல்லாம் பார்த்தவரின் கண்ணோடு எழுதுகிறார். சக கைதிகளையே அடித்துப் பறித்த ‘ரெய்டர்ஸ்’ கும்பலைக் கைதிகளே பிடித்து விசாரித்து, 1864 ஜூலை 11இல் அறுவரைத் தூக்கிலிட்ட பகுதி நூலின் உச்சம். கும்பலை அடக்கிய அணிக்குத் தலைமை தாங்கிய லீராய் கீ, மெக்எல்ராயின் அதே ரெஜிமெண்ட்காரர். அந்த அண்மை எழுத்தில் தெரிகிறது.

பலவீனமும் அதே அளவு பெரிது. நடந்து பதினைந்து ஆண்டு கழித்து, பத்திரிகை வாசகர்களுக்காக எழுதியது. நீள நீளமான உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருந்தார் என்று நம்புவதற்கில்லை. சிறைத்தலைவர் ஹென்றி வர்ஸைப் பற்றிய இடங்களில் கோபம் பேனாவைப் பிடித்துக்கொள்கிறது. வர்ஸ் 1865 நவம்பர் 10இல் தூக்கிலிடப்பட்டவர். அவர் குற்றத்தின் அளவு பற்றி வரலாற்றாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். மெக்எல்ராயை ஆதாரமாக எடுப்பவர்கள் எண்ணிக்கைகளையும் வர்ஸ் பற்றிய காட்சிகளையும் வேறு ஆவணத்தோடு ஒப்பிடாமல் எடுக்கக் கூடாது. எண்பதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களில் நடுப்பகுதி இழுவை. ஆண்டர்சன்வில்லை விட்டு ஊர் மாறும் இடங்களில் வேகம் திரும்புகிறது.

இதே பணத்துக்கு வேறு எதை வாங்கலாம் என்று கேட்டால், 16ஆவது கனெக்டிகட் படையின் ராபர்ட் கெல்லாக் எழுதிய ‘லைஃப் அண்ட் டெத் இன் ரெபெல் பிரிசன்ஸ்’ (ஹார்ட்ஃபோர்ட், எல். ஸ்டெபின்ஸ், 1865) இருக்கிறது. போர் முடிந்த ஆண்டிலேயே வந்தது. ஆசிரியர் வர்ஸ் விசாரணையில் சாட்சி சொன்னவர். நிகழ்வுக்கு அண்மை வேண்டுமென்றால் இதுதான். ஜான் ரான்சமின் நாட்குறிப்பு (ஆபர்ன், 1881) இவற்றில் எளிதாகப் படிக்க வல்லது. ஆனால் கையெழுத்து மூலம் தீயில் அழிந்ததாக அவர் சொன்னதால், அதை உண்மையான நாட்குறிப்பாக ஏற்கத் தயங்கும் ஆய்வாளர்கள் உண்டு. எழுத்தின் வீச்சில் மெக்எல்ராயை இரண்டும் எட்டாது.

வாங்கிய பிறகு நம் ஊர்க் காற்றில் அதைக் காப்பாற்றுவது தனி வேலை. குளிர் நாட்டிலிருந்து வரும் பொதியை வந்த உடனே பிரிக்க வேண்டாம். ஒரு நாள் அறையிலேயே கிடக்கட்டும், இல்லாவிட்டால் தாளில் ஈரம் படியும். அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை தொடங்கும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இது அன்றாடம் நடப்பது. காற்றோட்டமுள்ள இரும்பு அல்லது கண்ணாடி அலமாரி, சிலிக்கா ஜெல் பைகள், சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி இவை போதும். வசம்பு, வேப்பிலை, அந்துருண்டை எதையும் பக்கங்களுக்கு நடுவே வைக்கக் கூடாது. முதலிரண்டும் கறை விடும், மூன்றாவது தாளில் ஏறிய நாற்றம் போகாது. ராமபாணப் பூச்சியின் சுவடு தெரிந்தால் பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட வேண்டும். கிழிந்த தாளுக்குச் செலோடேப் ஒட்டவே கூடாது. பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாப் பசையும்தான் மருந்து. தேவைப்பட்டால் ஈரம் காட்டி எடுத்துவிடலாம். மடிப்பு பலவீனமான பிரதியை நிமிர்த்தி வைக்காமல் படுக்கப் போடுங்கள், அதன் மேல் வேறு புத்தகம் ஏற்றாமல்.